திகதியும் திதியும்: கணனிக்குள் காலத்தை அடைப்போர்க்கு ஒரு மறுப்பு

தமிழரின் பண்பாட்டுச் செல்வங்களைக் கணனியில் ஏற்றிவிட்டால் அவை அழிவினின்றும் காக்கப்பட்டுவிடும் என்னும் கருத்து இன்று நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட ஒரு சமூகத்தினிடத்து இத்தகைய ஆர்வம் தோன்றியமை இயல்பே. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் நினைவு மலர்களையும் தேடித்தேடிச் சேர்த்துள்ளமையை நன்றியுடன் நினையாதார் எவரும் இலர். எனது மறுப்பு அத்தகைய சேகரிப்பின் மீதன்று. தாளைப் படம்பிடித்தல் வேறு, தாளில் உள்ளதைக் கணனி அறிந்துகொள்ளும்படி எழுதிவைத்தல் வேறு. முன்னதிற் பிழை நேர்ந்தால் மீண்டும் படம்பிடிக்கலாம். பின்னதிற் பிழை நேர்ந்தால் அது பிழையென்பதே காலப்போக்கில் எவருக்கும் தெரியாது போய்விடும். பட்டியலில் உள்ளதே உண்மையென்று அடுத்த தலைமுறை கொள்ளும். பட்டியல்களை உண்டு வளரும் இன்றைய கற்கும் பொறிகளோ அதனை நூறு வாயாற் சொல்லத் தொடங்கிவிடும்.

இவ்வகைப் பிழைகள் மலிந்து கிடக்கும் இடம் காலக் குறிப்பு. பெயரை எழுதுவதிலும் ஊரை எழுதுவதிலும் தகராறு வரக்கூடும் என்பதை நமது கணனி அறிஞர்கள் ஒப்புக்கொள்கின்றனர். காலத்தைப் பற்றி அவர்களுக்கு ஐயமே எழுவதில்லை. ஆண்டு, மாதம், நாள் என மூன்று கட்டங்களை வரைந்து, நிரப்புக என்று மாணவரிடம் கொடுத்துவிடுகின்றனர்.

அக்கட்டங்களின் பின்னால் நிற்பது என்ன? யுனிக்ஸ் வழிவந்த பொறிகள் 1970 ஜனவரி 1ஆந் திகதி கிறீனிச் நள்ளிரவு தொடங்கிக் கழிந்த வினாடிகளை எண்ணுகின்றன. 1988இல் முதன்முதல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம் கிரகோரியன் நாட்காட்டியின் ஆண்டையும் மாதத்தையும் நாளையும் எண்களாக நிரல்பட எழுதும் முறையை வகுத்தது. வங்கிக்கும் விமானத்துக்கும் இவை இன்றியமையாதன. இவற்றைப் பழிப்பது அறிவுடைமையாகாது. ஆயினும் நள்ளிரவில் நாள் மாறும் என்பதும், எந்நிகழ்ச்சிக்கும் ஒரு நாள் உண்டு என்பதும் இவ்வமைப்பினுள் சொல்லாமற் கொள்ளப்பட்ட கோட்பாடுகள். போதாக்குறைக்கு, ஆண்டு மட்டுமே தெரிந்த நிகழ்ச்சிக்கு மாதமும் நாளும் வேண்டிநிற்கும் நிரல்கள், விடை கிடையாதவிடத்து ஜனவரி 1 என்று தாமே எழுதிக்கொள்கின்றன. இதனால் நம் தரவுத்தளங்களில் ஆங்கிலப் புத்தாண்டு நாளிற் பிறந்த புலவர்கள் வியக்கத்தக்க அளவிற் பெருகியிருக்கின்றனர்!

ஈழத்தமிழர் விடயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் ஜனவரியைத் தை என்றும், ஓகஸ்டை ஆவணி என்றும் எழுதிப் பழகியவர்கள். சூரியன் மகரராசியிற் புகும் நாளில் தொடங்கும் தையும் நமக்குத் தையே. ஆங்கில ஆண்டின் முதன் மாதமும் நமக்குத் தையே. எது எது என்பதைச் சூழலால் அறிந்துகொள்கிறோம். '1983 ஆடி 24' என்று ஒருவர் எழுதினால் அது ஜூலை 24 என்று நம்மில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆடி என்பது தமிழ்ச் சூரியமாதம் என்று மட்டும் கற்பிக்கப்பட்ட பொறியோ அக்கொடிய நாளை ஓகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவிடும். மறுதலையாக, தமிழ் மாதங்களின் பெயர்கள் ஆங்கில மாதங்களின் மொழிபெயர்ப்பே எனக் கற்பிக்கப்பட்ட பொறி, கோயிற் குறிப்பிலுள்ள ஆவணி 5ஐ ஓகஸ்ட் 5 ஆக்கிவிடும். அரைமாத அளவிலான பிழை. பொறிக்கு இரண்டும் செல்லுபடியாகும் திகதிகளே. எனவே அது முறைப்பாடு செய்யாது.

இதனைக் கற்பனையாகக் கூறவில்லை. எனது பேரனார் மறைந்தது சித்தார்த்தி வருடத்தில், அதாவது 1979இல். அவருடைய அந்தியேட்டி நாளில் வாசிக்கப்பட்ட கல்வெட்டில் 'ஆவணி மாதம் 4ஆந் நாள் திங்கட்கிழமை இரவு' என்று அச்சிடப்பட்டுள்ளது. மரணச் சான்றிதழில் இருப்பது ஓகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. இரண்டுக்குமிடையே முரண்பாடு சிறிதும் இல்லை. அவர் உயிர் பிரிந்தது பின்னிரவு இரண்டு மணியளவில். நாள் மாறுவது சூரியோதயத்தில் என்னும் நமது மரபின்படி அது திங்கள் இரவு, அரசாங்கப் பதிவாளரின் கடிகாரப்படி செவ்வாய். அண்மையில் இக்கல்வெட்டு ஒரு சேகரிப்பின் கணனிப் பட்டியலில் இடம்பெற்றிருக்கக் கண்டேன். அங்கே மறைந்த நாளாகத் தரப்பட்டிருந்தது 1979 ஓகஸ்ட் 4. பட்டியலிட்டவர் ஆவணியை ஓகஸ்டாக்கி, கிழமையைக் கருதாமலே விட்டிருந்தார். அந்த ஓகஸ்ட் 4 ஒரு சனிக்கிழமை!

இதிலும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அப்பிழையைப் பிடிக்கும் கருவி அதே கல்வெட்டின் முதற் பக்கத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுகளைப் படித்தோர் திதி நிர்ணய வெண்பாவை அறிவர். இறந்தாரின் பெயரோடு, வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா என்பது, திதி ஆகியவற்றை நான்கடியுள் அடக்கிப் பாடப்படும் செய்யுள் அது. ஊரிலுள்ள புலவர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ இயற்றித் தருவார். பெரும்பாலானவை கவிதைச் சுவையைப் பொறுத்தவரையிற் சிலாகிக்கத் தக்கனவல்ல; புலவர்களே இதனை மறுக்கமாட்டார்கள். ஆயின் அவற்றின் தொழில் சுவை பயத்தல் அன்று. ஆண்டுத்திவசத்தை எந்நாளிற் செய்வது என்பதை, ஏடு தொலைந்தாலும் தாள் எரிந்தாலும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாவிலிருந்து எடுத்துக் கணித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றின் தொழில். யாப்பு அதற்குக் காவல். ஒரு சொல் மாறினால் தளை தட்டும், எதுகை பிசகும், கேட்டவர் திருத்துவர். பேரனாரின் வெண்பா அபரபக்கம் என்று கூறுகிறது. 1979 ஓகஸ்ட் 8இற் பௌர்ணமி. ஆகவே ஓகஸ்ட் 4 பூர்வபக்கத்தைச் சேர்ந்தது. அமாவாசை 22இல், ஆகவே 20ஆந் திகதி இரவு அபரபக்கம். வெண்பாவைத் தரவாக மதித்துப் பதிந்திருந்தால் அந்தப் பொறியே தன் பிழையைக் கண்டுபிடித்திருக்கும். ஆனால் வெண்பாவுக்குப் பட்டியலிற் கட்டம் இல்லை. 'ஏனைய குறிப்புகள்' என்னும் கட்டத்தில் 'செய்யுள்கள் உள' என்று எழுதப்பட்டிருந்தது.

திகதி என்னும் சொல்லும் திதி என்னும் சொல்லிலிருந்தே வந்தது என்பர். சொல்லால் உறவானவை இன்று பொருளால் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன!

திதியைக் கணனிக்கு உணர்த்துவது எளிதென்று நான் கூறவில்லை. சந்திரன் சூரியனைவிட்டுப் பன்னிரண்டு பாகை விலகும் பொழுது ஒரு திதி. சந்திரனின் வேகம் மாறுவதால் திதியின் நீளமும் ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி வரை மாறும். ஒரு திதி இரு சூரியோதயங்களைத் தொடலாம், ஒன்றையேனும் தொடாமலும் போகலாம். முப்பது திதிகள் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளில் முடிந்துவிடுவதால், முப்பத்திரண்டு நாள் வரை நீளக்கூடிய சூரியமாதத்தில் ஒரே திதி இருமுறை வருதலும், இருபத்தொன்பது நாளில் முடியும் மாதத்தில் ஒரு திதி வாராதொழிதலும் உண்டு. அன்றியும், திவசத்துக்குரிய திதி அபரான்னமாகிய பிற்பகற் பொழுதில் நிற்கவேண்டும் என்பது விதி. திதி மாறும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றே. பிற்பகலோ ஊருக்கு ஊர் வேறு. எனவே ஒரு தந்தையின் திவசத்தை யாழ்ப்பாணத்து மகன் ஒரு நாளிலும் ரொறன்ரோவிலுள்ள மகள் வேறொரு நாளிலும் செய்ய நேரிடலாம், இருவரும் விதிவழுவாதவரே. இதனை 'ஆண்டுதோறும் ஓகஸ்ட் 21' என்று எழுதிவைக்கும் நிரல், அக்குடும்பத்தின் அறிவை அழித்துவிட்டு அதனிடத்தில் ஒரு கடிகாரத்தை வைத்துவிடுகிறது.

இனி, எவருடைய கணிப்பு என்னும் வினாவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவருகின்றன. புத்தாண்டு பிறக்கும் வேளையை இரண்டும் வெவ்வேறாகக் கூறுவதைச் சிறுவரும் அறிவர். வேறுபாடு சில நாழிகைகளோடு நின்றுவிடுவதுமில்லை. சனி மீனராசியிற் புகுந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல். திருநள்ளாற்றுக் கோயிலோ வாக்கியப்படி 2026இலேயே சனிப்பெயர்ச்சி என்று அறிவித்தது. வானத்தில் நடந்தது எது என்று கேட்டால் திருக்கணிதமே விடை கூறும். கோயிலிலே திருவிழா எப்பொழுது நடந்தது என்று கேட்டால் வாக்கியமே விடை கூறும். இரண்டும் மெய்யான வினாக்கள். 'சனிப்பெயர்ச்சி: திகதி' என்று ஒரே கட்டத்தை வைப்பவர் இவற்றுள் ஒன்றைப் பொய்யாக்குகிறார்.

சமயத்தோடும் சடங்கோடும் தொடர்புடைய காலமே இவ்வாறு இடர்ப்படுவது, அலுவலகக் காலத்துக்கு இத்தொல்லை இல்லை என்று சிலர் வாதிடுவர். அவர்களுக்கு நமது நாட்டின் அண்மை வரலாற்றையே எடுத்துக்காட்டுவேன். மின்சார நெருக்கடியை முன்னிட்டு 1996 மே 25இல் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் பழைய நேரம் வந்தது. இந்தப் பத்தாண்டுக் காலமும் 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்று கேட்டே நாம் ஒருவரையொருவர் சந்தித்தோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களில் புதிய நேரம் ஏற்கப்படவேயில்லை. அங்கே கடிகாரங்கள் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்பாகவே ஓடின. உலகிலுள்ள கணனிகளிற் பெரும்பாலானவை தமது நேரக் கணக்கைப் பெறும் நேரவலயத் தரவுக்கோவையில் இலங்கைக்கு 'ஆசியா/கொழும்பு' என ஒரே வலயந்தான் உண்டு. அக்கோவையைப் பேணுவோர் நேர்மையாளர். புலிகளின் பகுதியில் நேரம் மாறவில்லை என்னும் செய்தியை அவர்கள் அங்கேயே எழுதிவைத்துள்ளனர்; அப்பகுதியினர் இந்தியாவின் வலயத்தைப் பயன்படுத்தலாம் என்றும் குறித்துள்ளனர். ஆனால் எழுதப்பட்ட இடம் எது? மனிதர் வாசிப்பதற்கென்று விடப்படும் குறிப்புரை வரிகள். அவ்வரிகளைக் கணனி தாண்டிச் சென்றுவிடும். உண்மை கோவையினுள்ளே இருக்கிறது, பொறி படியாத வரியில் இருக்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. 2002இற் கிளிநொச்சியிற் காலை ஆறு மணிக்குப் பிறந்த குழந்தையொன்றின் பதிவைக் கொழும்பு வலயத்தைக் கொண்டு உலகநேரத்துக்கு மாற்றினால் அரைமணி பிழைக்கும். அரைமணி என்பது ஒன்றேகால் நாழிகை. ஒரு லக்கினம் ஏறத்தாழ ஐந்து நாழிகைதான் நிற்கும் என்பதை எண்ணுக. சாதகத்தை நம்பாதோர் அதனை விட்டுவிடலாம். அக்காலத்து வைத்தியசாலைப் பதிவேடுகளையும், ஷெல் வீச்சு நிகழ்ந்த வேளை பற்றிய சாட்சியங்களையும், இரு பகுதிகளிலிருந்தும் வந்த செய்திகளையும் ஒரே வரிசையில் அடுக்கப்போகும் வரலாற்றாசிரியர் விட்டுவிட முடியாது. எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பதிலேதான் அவருடைய முடிவு முழுவதும் தங்கியிருக்கும். 1966 முதல் 1971 வரை ஞாயிறு நீங்கிப் போயா நாட்கள் வாரவிடுமுறையாயிருந்த காலத்தையும் இங்கு நினைவூட்டலாம். அவ்வாண்டுகளின் பத்திரிகைகளிற் காணும் 'வார இறுதி'யைச் சனி ஞாயிறு என்று கணிக்கும் பொறியை யார் திருத்துவது?

நிற்க. பண்பாட்டறிவு உயிருள்ளது, அதனை எண்களாக்கவே இயலாது, ஆகவே கணனியை அதனருகில் விடலாகாது என்று கூறும் மற்றொரு சாராரும் உளர். நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினர் சிலரிடமும் இம்மனப்பாங்கு காணப்படுகிறது. இது பக்தியின் உடையில் வந்த சோம்பல் என்றே கருதுகிறேன். காலத்தை விதிகளாக்கி, விதிகளைக் குறிகளாக்கி, குறிகளைப் பொருளறியாமலே இயக்கும் கலையில் தமிழர் எவரிடமும் பாடம் கேட்கவேண்டியவர் அல்லர். 1825இற் சென்னையில் வெளியான 'காலசங்கலித' என்னும் நூலில் ஜோன் வாரன் என்பார், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, நெட்டுருப்பண்ணிய வாக்கியங்களைக் கொண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் வேறுபாடு ஏறத்தாழ நான்கு நிமிடமே. முடிவில் அது ஒரு மணிநேரத்தை அண்மித்தது. சந்திரனுக்குரிய வாக்கியங்கள் 248. அவை 248 நாட்களுக்குரிய சந்திரனின் நிலைகளைச் சொற்களாக்கியவை. ஒவ்வோரெழுத்தும் ஓர் எண். இதனைத் தரவு என்னாது வேறென்னென்பது?

அதே கதையில் எனக்கு அச்சமூட்டும் பகுதியும் உண்டு. அப்பஞ்சாங்கக்காரருக்குக் கணிதத்தின் அடிப்படைக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் கூறுகிறார். விதி பிழைபட்டால் அதனைத் திருத்தும் ஆற்றல் அவரிடம் இல்லை. இன்று கட்டங்களை நிரப்பும் நம் மாணவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? அவர் கையிற் சோழி, இவர் கையில் விசைப்பலகை. அவருடைய விதிகளாவது நம்முடையனவாயிருந்தன.

கணனியால் இயலாது என்று கூறுவதற்கும் இடமில்லை. ஐயத்துக்குரிய ஆண்டையும் ஏறத்தாழக் கூறப்பட்ட ஆண்டையும் பத்தாண்டளவே தெரிந்த காலத்தையும் குறியிட்டெழுதும் முறை 2019இல் ஐ.எஸ்.ஓ. 8601இன் இரண்டாம் பகுதியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. அரும்பொருளகத் தகவலுக்கான சிடொக் என்னும் கருத்துமாதிரி, ஒரு நிகழ்ச்சி எவ்வெல்லைக்குள் நிகழ்ந்தது என்பதையும் எக்காலம் முழுதும் நிச்சயமாக நடந்துகொண்டிருந்தது என்பதையும் தனித்தனியே பதிய இடந்தருகிறது. ஜேம்ஸ் அலன் 1983இலேயே இரு காலஇடைகளுக்கிடையே பதின்மூன்று உறவுகள் உளவெனக் காட்டி, திகதியே இன்றி முன்பின் உறவால் மட்டும் காலத்தை அறிவிக்கும் வழியைத் திறந்துவிட்டார். சோழர் சாசனங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? அரசன் இயற்பெயரின்றிக் கோப்பரகேசரி என்று மட்டும் கூறி, யாண்டு இத்தனையாவது என்று எழுதப்பட்ட சாசனம் எந்தப் பரகேசரிக்குரியது? எழுத்தமைதியை நோக்கி அறிஞர் ஊகிப்பர். பாண்டியர் சாசனங்களில் வரும் 'இரண்டாவதின் எதிர் பன்னிரண்டாவது' போன்ற இரட்டை ஆண்டுக் குறிப்பைக் கூட்டிப் பதினான்கு என்று கொள்வதே பெருவழக்காயினும், அது ஆராய்ச்சியாளரின் கொள்கையேயன்றிக் கல்லிலுள்ள சொல்லன்று. சுவாமிக்கண்ணுப்பிள்ளை 1922இல் வெளியிட்ட பெருந்தொகுதிகளைக் கொண்டு கல்வெட்டறிஞர் திதியும் நட்சத்திரமும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று சோதித்தபோது, பொருந்தாதவற்றைப் பொருந்தாதவையென்றே எழுதிவைத்தனர். அந்த ஒழுக்கம் நமது தரவுத்தளங்களில் எங்கே?

கருவிகள் உள, நம்முடைய நாட்காட்டிதான் அவற்றினுள் இல்லை. தமிழில் நாள், மாதம், வருடம் ஆகியவற்றைக் குறிக்கும் பழைய சுருக்கக் குறிகள் 2003இல் யுனிக்கோட்டில் இடம்பெற்றுவிட்டன. அதனைப் பெருமையாகக் கூறிக்கொள்கிறோம். எபிரேயம், பாரசீகம், எதியோப்பியம், கொப்தியம், சீனம் என்றிவற்றின் நாட்காட்டிகளையெல்லாம் அதே யுனிக்கோட் அமையத்தின் பொதுத் தரவுக்கோவை ஏற்றுள்ளது. இந்திய அரசு 1957இற் கொண்ட சக நாட்காட்டியும் அங்கே உண்டு. தமிழ் நாட்காட்டி இல்லை. விக்கிதரவு கிரகோரியன், யூலியன் என்னும் இரண்டையே அறியும். குறி கிடைத்தது, குறிக்கப்படும் பொருள் கிடைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மாதம் பிறப்பது சங்கிரமணம் சூரியாஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தாலா பின் நிகழ்ந்தாலா என்னும் விதியில் நாம் ஒரு வழி, மலையாளத்தார் வேறு வழி. இத்தகைய விதிகளை எழுதித் தரவேண்டியவர் கலிபோர்னியாவில் இருக்கும் நிரலாளர் அல்லர்.

ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவை வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். ஒவ்வொரு காலக் குறிப்புக்கும் நேரான கிரகோரியன் திகதியைக் கணித்து எழுதுக. ஆனால் அது கணிப்பு என்று எழுதுக. கணித்தவர் யார், எப்பஞ்சாங்கம், எந்த ஊர் என்று எழுதுக. மூலத்திலுள்ள சொற்களை உள்ளவாறே முதலில் எழுதுக. சித்தார்த்தி அறுபதாண்டுக்கொருமுறை வருவதால் 1919ஆ 1979ஆ என்று துணிய முடியாதவிடத்து இரண்டையும் எழுதுக. இரு ஆவணங்கள் முரண்பட்டால் முரண்பாட்டையே எழுதுக, திருத்தற்க. இவ்வளவும் செய்தால் வேலை மந்தமாகும், ஆண்டறிக்கையிற் காட்டுவதற்கு எண்ணிக்கை குறையும் என்று எண்ணிம நிறுவனத்தார் முகஞ்சுளிப்பர். குறையட்டும். இவ்வேலைக்குத் தமிழ் மாணவரும் கணனி மாணவரும் ஒரு மேசையில் அமரவேண்டும். நம் பல்கலைக்கழகத்தில் அவ்விரு துறைகளுக்கும் இடையே உள்ள தூரம் நடந்து செல்லக்கூடியதே.

பேரனாரின் திகதியைத் திருத்துமாறு அந்தச் சேகரிப்பினருக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் காலந்தாழ்த்தாது திருத்தினர். இப்பொழுது அங்கே 1979 ஓகஸ்ட் 21 என்றிருக்கிறது. திங்கள் இரவு என்பதற்கும் வெண்பாவுக்கும் கட்டம் இன்னும் இல்லை.